தொரை இன்னும் சிரிக்கல

இலங்கை மலையகத்தில், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் ரேடியோ அக்கா வந்து வாசலில் நின்றால் வீட்டுக்காரர் பின்கதவைத் தேடுவார். சண்டை பிடிக்க வந்திருக்கமாட்டார். சம்பந்தம் பேசவும் வந்திருக்கமாட்டார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கொடுத்த தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பிப்பார்.

“ஒங்கள வச்சு ஒன்னு செஞ்சிருக்கேன். கேக்குறீங்களா?”

செஞ்சிருப்பது ஒரு தமாஷ். ஏதாவதொரு கோயில் மேடையிலோ, மறுநாள் காலை ரேடியோவிலோ சொல்லப்போவது. அது யாரைப் பற்றியதோ அவருக்குத்தான் முதலில் சொல்லிக் காட்டுவார். அவர் சிரித்தால் அது மேடை ஏறும். சிரிக்காவிட்டால் அந்த வாசலிலேயே அதன் கதை முடிந்தது. அப்புறம் யார் கெஞ்சினாலும் அதை அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாது. அவரிடம் இருந்த ஒரே சட்டம் இதுதான். சாப்பிடுகிற நேரம், வேலைக்கு வருகிற நேரம், சொன்ன வாக்கு எதிலும் ஒழுங்கு கிடையாது. என்னைக் காக்க வைத்தே பாதி ஆயுசைத் தின்றவர்.

நான் சவுண்ட் செட்காரன். திருவிழாக்களுக்கு மைக் கட்டுவேன். காலையில் ஹட்டன் டவுனில் துணிக்கடை ஒன்றின் மாடியில் இருந்த சின்ன ரேடியோ நிலையத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலை. ஆகவே அவருடைய தொழிலைப் பக்கத்தில் இருந்தே பார்த்தவன். வயதில் எனக்கு இளையவர்தான். ஆனாலும் ஊரோடு சேர்ந்து நானும் ‘ரேடியோ அக்கா’ என்றேன். அவர் என்னை அண்ணே என்பார். எங்களில் யார் மூத்தவர் என்று கேட்டால் ரெண்டு பேருமே முழிப்போம்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. தேர் புறப்பட்டுப் போய், ஊர் சுற்றி, சாமி திரும்பி வந்து நடை சாத்திய பிறகும் நான் மட்டும் மேடையில் நின்று ‘ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்’ சொல்லிக்கொண்டிருப்பதாக ஒன்று செய்திருந்தார். சொல்லிக் காட்டினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். முறைத்துக்கொண்டு சில நாள் பேசவில்லை. பிறகு ஒரு திருவிழாவில், ஆள் சேராத மைதானத்தில், வழக்கம்போல மைக்கைத் தட்டி ‘ஹலோ’ என்றேன். அந்தக் கதை ஞாபகம் வந்துவிட்டது. என்னை மீறிச் சிரித்துவிட்டேன். நாலு ஒலிபெருக்கியிலும் என் சிரிப்பு மலையேறிப் போனது. எங்கேயோ சோறு தின்றுகொண்டிருந்தவர் எச்சில் கையோடு ஓடி வந்தார்.

“சிரிச்சிட்டீங்க! தோட்டமே சாட்சி!”

அன்று சாயந்தரமே அது மேடை ஏறியது. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான்.

போகப்போக நிலைமை தலைகீழாகிவிட்டது. அக்கா இன்னும் தங்கள் வாசலுக்கு வரவில்லையே என்று மனத்தாங்கல் படுகிறவர்கள் வந்துவிட்டார்கள். ஒரு கோயில் கமிட்டித் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நானும் இந்த ஊருலதானப்பா இருக்கேன். என்னைய வச்சு செய்ய ஒன்னுமே இல்லையாமா?” என்று கேட்டார். பாவமாக இருந்தது. போய்ச் சொன்னேன். அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு, “அவரு ரொம்ப நல்ல மனுசன்ணே. நான் என்னத்த செய்ய?” என்று கையை விரித்தார்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை பஸ்ஸில் வரும்போது கேட்டேன். சின்ன வயதில் அவரைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு விட்டிருந்தார்களாம். அந்த வீட்டு ரேடியோவில் ஞாயிற்றுக்கிழமை நாடகம் போகும். அதில் ஒரு வேலைக்காரி வருவாள். தோட்டத்துப் பேச்சுப் பேசுவாள். அவள் வாயைத் திறந்தாலே வீடு முழுக்கச் சிரிக்கும். சிரித்துவிட்டு எல்லாரும் சமையலறை வாசலில் நின்ற இவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

“சிரிக்கட்டும்ணே, வேணாங்கல. எங்கள வச்சு செய்யறப்ப எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிக் காட்டுனாங்களா? நல்லா இருந்தா நானும் சிரிச்சிருப்பேன்ல?”

கொழும்பிலிருந்து திரும்பி வந்து கொழுந்து பறித்தார். பிறகு புள்ளக் காம்பராவில் வேலை. அதாவது, கொழுந்துக்குப் போகிற தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். அங்கேதான் தொழில் படித்ததாகச் சொல்வார். “பெரியவங்கள சிரிக்க வைக்கிறது லேசு. அழுவுற புள்ளைய சிரிக்க வச்சுப் பாருங்க, அப்ப தெரியும்.” மேடைக்கு வந்தது தற்செயல். ஒரு திருவிழாவில் நடனக்காரர்களின் வேன் நடுவழியில் நின்றுவிட்டது. மேடை காலியாகக் கிடந்தது. கூட்டம் கல்லெறிகிற மனநிலைக்கு வந்துகொண்டிருந்தபோது இந்த அம்மா மேலேறி, தன்னை வைத்தே ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். வேன் வந்து சேர்ந்தபோது நடனக்காரர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கத்தியது அதே கூட்டம்.

ரேடியோ நிலையப் பொறுப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், கண்ணியமானவர். முதல் நாளே அக்காவை உட்காரவைத்து, “நீங்கள் நல்லாக் கதைக்கிறியள். வானொலிக்கு ஏத்த மாதிரிக் கொஞ்சம் திருத்திக் கதைச்சா இன்னும் நல்லா இருக்கும்” என்றார். அக்கா தலையாட்டிவிட்டு மறுநாள் அவர் முன்னால் போய் நின்றார். “சார், ஒங்கள வச்சு ஒன்னு.” ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் மஃப்ளர், மஃப்ளருக்கு மேல் தொப்பி என்று போட்டுக்கொண்டு, பல் தந்தியடிக்க, ‘மலையகத்தில் இன்று இதமான காலநிலை நிலவும்’ என்று அவர் செய்தி வாசிப்பதைச் செய்து காட்டினார். அச்சு அசல் அவரேதான். மனிதர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி என் மேசைமேல் கொட்டி ரெண்டு பட்டன் வேலை செய்யாமல் போனது. அதற்குப் பிறகு அவர் திருத்தம் எதுவும் சொல்லவில்லை. அக்கா தன் பேச்சிலேயே பேசினார். காலைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, போகிறவர்கள் ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார்கள்.

சிரித்தும் மேடை ஏறாத கதை ஒன்று உண்டு. ஓர் அரசியல்வாதியைப் பற்றியது. அவர் வீட்டு வாசலில் காத்திருந்து, உள்ளே போய்ச் சொல்லிக் காட்டினார். அந்த ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, இதையே தன் கூட்டத்தில் வந்து சொல்லச் சொன்னார். அக்கா வெளியே வந்து எச்சிலைத் துப்பினார். “மனுசன் சிரிச்சே கதைய கொன்னுட்டான்ணே. அவனுக்கு ஒறைக்கவே இல்ல.” சட்டத்தில் இதற்கு இடமில்லைதான். கேட்டால், “சட்டம் என்னோடதுதான?” என்றார்.

இப்போது அவர் கண்டி, கொழும்பு என்று பெரிய மண்டபங்களில் பேசுவதாகச் சொல்கிறார்கள். ஃபோனுக்கு ஃபோன் ஓடுகிற துண்டுக் காட்சிகளை நானும் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவர் செய்ததிலேயே ஆகச் சிறந்ததை அந்த மண்டபங்கள் கேட்டதில்லை, கேட்கப்போவதும் இல்லை. அது லொறிக் கதை.

அவருடைய தோட்டத்தில் ஒரே ஒரு லொறிதான். கொழுந்து ஏற்றவும் அதுதான், அவசரத்துக்கு ஆள் ஏற்றவும் அதுதான். ஒரு நாள் மத்தியானம் மேல் லயத்து வரிசை வீட்டுப் பெண் ஒருத்திக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. லொறி மடுவத்தில், கொழுந்து நிறுக்கிற இடத்தில், நின்றிருந்தது. ஆட்கள் ஓடினார்கள். கொழுந்து காத்திருந்தால் சூடேறிக் கெட்டுப்போகும், முதலில் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் போய் இறக்கிவிட்டுத்தான் வரவேண்டும், அது தோட்டத்தை நடத்துகிற தொரையுடைய கட்டளை என்று சொல்லிவிட்டு டிரைவர் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாலு பேர் அந்தப் பெண்ணைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பஸ் ரோட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது சாமி புண்ணியம். அதே லயத்தில் இன்னொருத்திக்கு அப்போது வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. அந்தப் பெண் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அக்கா சொன்னார்.

அக்கா கதையைச் செய்தார். முதலில், பிள்ளை பெற்ற பெண்ணிடம் போய்ச் சொல்லிக் காட்டினார். அவள் சிரிப்பு தாங்காமல், “வயிறு வலிக்குதுக்கா, நிப்பாட்டுங்க” என்று கெஞ்சினாளாம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எல்லாருக்கும் சொல்லுங்க. அவளுக்கு வலி வர்றதுக்குள்ள சொல்லுங்க” என்று அந்த இன்னொருத்தி இருந்த பக்கத்துக் காம்பராவைக் காட்டினாளாம்.

கதையை முழுதாக எழுதினால் அவர் சட்டத்தை நான் உடைத்தவன் ஆவேன். முக்கால்வாசி சொல்கிறேன். புள்ளத்தாச்சி ஒருத்திக்கு வலி எடுக்கிறது. லொறி இல்லை என்கிறார்கள். அவள் புருசன் கெட்டிக்காரன். அவளைக் கொழுந்துச் சாக்குக்குள் உட்காரவைத்து, மேலே நாலு கைப்பிடி கொழுந்தைப் போட்டு மூடிவிடுகிறான். உடனே ராஜ மரியாதை! வெயில் படாமல் நிழலில் வைக்கிறார்கள். அமுக்கிக் கட்டாதே, கொழுந்து நோகும் என்று கணக்கப்பிள்ளை சத்தம் போடுகிறார். லொறி பறக்கிறது. வழியில் எதிரே வந்த கம்பெனிப் பெரிய தொரையுடைய காரே ஒதுங்கி இடம் விடுகிறது. ஸ்டோரில் சாக்கை இறக்குகிறார்கள். உள்ளேயிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது. தொரை ஓடி வந்து சாக்கை அவிழ்த்துப் பார்க்கிறார். பார்த்துவிட்டு அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் மீதிக் கால்வாசி. அது தொரை சிரிக்காமல் வெளியே வரக்கூடாது.

அடுத்தது தொரையிடம் போய்ச் சொல்லிக் காட்டப்போவதாக அக்கா சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். “தொரைக்கு எதுக்குங்க சட்டம்? நேரா மைக்ல சொல்லுங்க. ஊரே கேக்கட்டும்.”

“நமக்கு ஒரு சட்டம், தொரைக்கு ஒரு சட்டம்னு வைக்கிறது அவுங்க பழக்கம்ணே. அது நமக்கு எதுக்கு?”

அக்காவின் புருசனுக்கு ஸ்டோரில் வேலை. பயந்த மனிதர். இருக்கிற காம்பராவும் தோட்டத்துடையது. “காலி பண்ணச் சொன்னா எங்க போறது?” என்று கேட்டார். “சொல்லட்டும். அத வச்சும் ஒன்னு செஞ்சு அவருகிட்டயே போய் சொல்றேன்” என்றார் அக்கா.

தோட்டத்தில் நினைத்த நேரத்துக்குத் தொரையைப் பார்க்க முடியாது. வாரத்தில் ஒரு நாள் பின்னேரம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்கவேண்டும். தகரம் ஓட்டை, பைப்பில் தண்ணி இல்லை என்று ஒவ்வொருவராகக் குறை சொல்லவேண்டும். அந்த வரிசையில் அக்காவும் போய் நின்றார். எனக்கு மனம் கேட்கவில்லை, நானும் கூடப் போனேன். தொரை சிங்களவர், தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார்.

“சலாங்க தொரை.”

“என்னா? ஒனக்கு கூரையா, தண்ணியா?”

“ரெண்டும் இல்லைங்க. தொரைய வச்சு ஒரு தமாஷ் செஞ்சிருக்கேன். தொரை கேக்கணும்.”

தொரை பேனாவைக் கீழே வைத்தார். “சொல்லு.”

அக்கா முழுசாகச் சொன்னார். உள்ளே பெரிய கிளாக்கர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. தொரையுடைய முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தாலும் பறந்திருக்காது.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுங்க.”

“ஹரி, சரி. போ.”

அந்த மாதம் திருவிழா. தொரைக்கு மாலை போட்டு முன்வரிசையில் உட்காரவைப்பது எங்கள் வழக்கம். கிளாக்கர் மூலமாகவோ வரிசையில் நின்றவர்கள் மூலமாகவோ விஷயம் அதற்குள் எல்லா லயத்துக்கும் போயிருந்தது. அக்கா மேடை ஏறியதுமே ‘லொறி, லொறி’ என்று ஒரே சத்தம். வேண்டுமென்றே மைக்கைக் கெடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அக்கா கூட்டம் அடங்கும்வரை நின்றார். “லொறிய பத்தி ஒன்னு செஞ்சேன். அதுல தொரை வர்றாரு. தொரைகிட்ட போயி சொல்லிக் காட்டுனேன். தொரை சிரிக்கல. அதனால ஒங்களுக்கு இல்ல” என்று சொல்லி, கும்பிட்டுவிட்டு, வேறு கதைக்குப் போய்விட்டார்.

ஒரு கணம் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்றாள். அவ்வளவுதான். மைதானமே குலுங்கியது. சொல்லாத கதைக்கு அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தொரை தன் மாலையில் இருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமும் அக்கா ஆபீஸ் வரிசையில் நின்றார். “போன தடவ சரியா வரலைங்க தொரை. கொஞ்சம் திருத்திக்கிட்டு வந்திருக்கேன்.” அதற்கு அடுத்த வாரமும். மழையா, காய்ச்சலா, எதற்கும் தவறவில்லை. தொரை ஏன் விரட்டவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை விரட்டினால் தொரை பயந்துவிட்டார் என்று நினைப்பாளே என்று அவரும் வீம்பு பிடித்தாரோ என்னவோ. கதை வாரத்துக்கு வாரம் கூர்மையாகிக்கொண்டே போனது. கிளாக்கர்கூட ஒருநாள் வழியில் நிறுத்தி, “அந்தக் கார் ஒதுங்குற எடத்த கொஞ்சம் சுருக்குங்கம்மா” என்று யோசனை சொன்னார். தொரையே ஒருமுறை குறுக்கிட்டு, “லொறி அந்த ரோட்டுல போகாது. ஸ்டோருக்கு கீழ் ரோடு” என்று திருத்தினார். ஆனால் சிரிக்கவில்லை.

ரேடியோவில் காலை நிகழ்ச்சி இப்படித் தொடங்க ஆரம்பித்தது: “வணக்கம். பெரட்டுக்கு நேரமாச்சு, இடுப்புல படங்குச் சாக்க கட்டுங்க. தொரை இன்னும் சிரிக்கல.” எந்தத் தோட்டம், எந்தத் தொரை என்று ஒரு சொல் கிடையாது. ஒவ்வொரு தோட்டமும் தங்கள் தொரை என்றே நினைத்துக்கொண்டது. தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் ஆட்களைப் பார்த்தால், “என்னா, சிரிச்சாரா?” என்பதுதான் விசாரிப்பு. பொறுப்பாளர் கையைப் பிசைந்தார்.

“மேலிடத்திலை கேக்கினம், ஆர் அந்தத் துரை எண்டு. அதை நிப்பாட்டினால் என்ன?”

“நான் அவர ஒன்னுமே சொல்லலையே சார். சிரிக்கலன்னுதான் சொல்றேன். சிரிக்காதது ஒரு குத்தமா?”

அவர் மஃப்ளரை இறுக்கிக்கொண்டார். “குற்றமில்லைத்தான்” என்றார். அப்படிச் சொல்லிவிட்டு மேலிடத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான். அதற்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

மேல் லயத்து அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா மெலிந்துபோனார். ஒருநாள் என்னிடம், “பயமா இருக்குண்ணே. கத நல்லா வருது, லொறி வரமாட்டேங்குது” என்றார். அந்த வாரமும் கூடப் போனேன்.

அன்று அக்கா பாதி சொல்லும்போதே தொரை கையைக் காட்டி நிறுத்தினார்.

“டிரைவருக்கு சொல்லியாச்சு. புள்ளத்தாச்சி இருந்தா கொழுந்த ரோட்டுல எறக்கி வச்சிட்டு போகணும். நீ இனிமே வரக்கூடாது. கதையும் சொல்லக்கூடாது.”

அக்கா கும்பிட்டார். பிறகு மெதுவாக, “தொரை ஒரு தடவ சிரிச்சிருந்தா…” என்று இழுத்தார்.

“ஒனக்கு லொறி வேணுமா, சிரிப்பு வேணுமா?”

ஒரு கலைஞரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. மாதக்கணக்காகச் செதுக்கிய கதை.

“லொறிங்க தொரை.”

திரும்பும் வழியில், லொறி விஷயத்தை ரேடியோவில் சொல்லலாமே என்றேன். “வார்த்த வந்திருக்கு. லொறி வரட்டும்” என்றார். வந்தது. ஒரு மழை நாளில் கொழுந்துச் சாக்குகள் ரோட்டோரம் நனைந்துகொண்டிருக்க, அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு லொறி ஆஸ்பத்திரிக்குப் போனது. சாக்குகளுக்குப் பக்கத்தில் அக்கா குடையோடு காவல் நின்றாராம்.

மறுநாள் காலை மைக்கைத் திறந்துவிட்டேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வணக்கம். தொரை சிரிக்கல. லொறி வந்துச்சு. ஆம்பளப் புள்ள.”

நான் பாட்டைப் போடப் போனேன். அதற்குள் ஃபோன் அடித்தது. கந்தப்பளைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண். மைக்கோடு இணைத்துவிட்டேன். “அக்கா, நீங்க எங்க தொரையத்தான சொன்னீங்க? இனிமே எங்களுக்கும் லொறி வருமா?”

“இல்லம்மா. இது வேற தொரை.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ரேடியோவில் சத்தம் நின்றால் எனக்கு உயிர் போகும். பாட்டுக்குக் கையைக் கொண்டுபோனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டு மைக்கைக் கிட்ட இழுத்துக்கொண்டார்.

“ஒங்க தொரை எந்தக் கெழமம்மா ஆபீஸ்ல ஆளுங்கள பாப்பாரு?”

“வெசாழக்கெழமங்கக்கா.”

“சரி, வர்றேன்.”

“அவரு சிரிப்பாராக்கா?”

“சிரிச்சா எல்லாருக்கும் சொல்லிருவேன். சிரிக்கலன்னா அடுத்த வெசாழனும் வருவேன்.”

அன்று என்னால் ஒரு பாட்டுக்கூடப் போட முடியவில்லை. ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.